நகரத்தின் கடினமான பிரச்சினைகளை மாணவர்களே எழுதும் இதழ்: ஒரு முழுமையான வழிகாட்டி

சென்னைக்குள் குடிசைகளை இழந்த குடும்பங்களைக் குடியேற்றிய கண்ணகி நகரிலிருந்து படிக்க வரும் பிள்ளைகளிடம் "எந்த ஏரியா?" என்று கேட்டால், பலர் "துரைப்பாக்கம்" என்றுதான் சொல்வார்கள். அதில் பொய் ஒன்றும் இல்லை. கண்ணகி நகர் ஒக்கியம் துரைப்பாக்கத்தில்தான் இருக்கிறது. ஆனால் சொந்த ஏரியாவின் பெயரை முழுங்கிவிட்டு வேறு பெயரைச் சொல்ல ஒரு பதினாறு வயதுப் பிள்ளைக்கு ஏன் பழகிப்போனது என்று விசாரிக்க ஆரம்பித்தால், ஒரு இதழுக்குத் தேவையான விஷயம் முழுக்க அதிலேயே கிடைத்துவிடும். வீட்டை இடித்த கதை, பஸ் கிடைக்காத கதை, முகவரியைப் பார்த்ததும் வேலை இல்லை என்று சொல்லி அனுப்பிய கதை, போலீஸ் கதை.

அப்படி ஒரு இதழை மாணவர்களைக் கொண்டே கொண்டுவர நினைக்கும் ஆசிரியர்களுக்காகவும், ஆசிரியருக்காகக் காத்திருக்காமல் தாங்களே இறங்கிவிட நினைக்கும் மாணவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். சென்னையை வைத்துச் சொல்கிறேன், எனக்குத் தெரிந்த ஊர் அதுதான். மூன்று மாணவர் இதழ்களுக்குப் பொறுப்பாசிரியராக இருந்திருக்கிறேன். முதல் இதழில் பெரிய தவறு ஒன்று செய்தோம். அதைக் கீழே சொல்கிறேன். அதற்குப் பிறகு எங்களுக்கென்று ஒரே ஒரு விதி வைத்துக்கொண்டோம். யாரைப் பற்றி எழுதினோமோ அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தப் பக்கத்தை அவருக்கு உரக்க வாசித்துக் காட்ட நம்மால் முடிய வேண்டும். கீழே உள்ள படிகள் எல்லாமே அந்த விதியிலிருந்து வந்தவைதான்.

முதல் படி: குழு சேர்ப்பது

எட்டிலிருந்து பன்னிரண்டு பேர் போதும். இருபது பேர் சேர்ந்தால் பாதிப் பேருக்கு வேலை இருக்காது, மீதிப் பேருக்குத் தூக்கம் இருக்காது. தமிழில் நன்றாகக் கட்டுரை எழுதும் பிள்ளைகளை மட்டும் பொறுக்கி எடுக்காதீர்கள். வாய் ஓயாமல் பேசுகிற பிள்ளை நேர்காணலுக்கு வேண்டும். கணக்கில் பிடிவாதமான பிள்ளை தகவல் சரிபார்க்க வேண்டும். படம் வரைகிற பிள்ளை, பஸ் ரூட் எல்லாம் மனப்பாடமாக வைத்திருக்கிற பிள்ளை, எல்லாரும் வேண்டும்.

குழு கூடிய முதல் நாளே ஆசிரியர் மனதில் ஒன்றை வைத்துக்கொள்ள வேண்டும். நீங்கள் எழுதப்போகும் பிரச்சினையில் வாழ்கிற பிள்ளை அந்த அறையிலேயே உட்கார்ந்திருக்கலாம். "நம்ம கிளாஸ்ல யார் யார் ஹவுசிங் போர்டு?" என்று ஒருபோதும் கேட்காதீர்கள். "இதைப் பத்தி நீதான் சொல்லணும்" என்று ஒரு பிள்ளையைப் பார்த்துச் சொல்லாதீர்கள். சொல்ல விரும்பினால் அவர்களே சொல்வார்கள், பெரும்பாலும் நான்காவது ஐந்தாவது வாரத்தில், எல்லாரும் கிளம்பிப் போன பிறகு, பையை மாட்டிக்கொண்டே சொல்வார்கள். அதைக் கட்டுரை ஆக்குவதா வேண்டாமா என்பது முழுக்க அந்தப் பிள்ளையின் முடிவு.

காலம் பதினான்கு வாரம் வையுங்கள். ஒரு பருவத்துக்குள் அடங்கும். தலைப்புக்கும் படிப்புக்கும் நான்கு வாரம், களத்துக்கு நான்கு, எழுதவும் சரிபார்க்கவும் நான்கு, வடிவமைப்புக்கும் அச்சுக்கும் இரண்டு. கடைசி இரண்டு வாரம் மூன்றாக நீளும், அதையும் இப்போதே கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

நிர்வாகத்தின் அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்கள் என்றால் பெற்றோரின் சம்மதமும் எழுத்தில் வேண்டும். எங்கே போகிறோம், யார் கூட வருகிறார், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்ற மூன்றும் அந்தத் தாளில் இருக்க வேண்டும்.

இரண்டாம் படி: தலைப்பை ஒரு தெரு அளவுக்குச் சுருக்குவது

"தலைப்பு என்ன வைக்கலாம்?" என்று கேட்டால் வறுமை, போதைப்பொருள், குப்பை, தண்ணீர்ப் பஞ்சம் என்று பலகையில் எழுதுவார்கள். எல்லாமே கட்டுரைப் போட்டித் தலைப்புகள். அவற்றை வைத்து எழுதினால் எல்லாரும் ஒரே கட்டுரையைத்தான் எழுதுவார்கள்.

ஒவ்வொரு தலைப்பின் கீழும் யார், எங்கே, எத்தனை மணிக்கு என்ற மூன்று கேள்விகளை எழுதச் சொல்லுங்கள். தண்ணீர்ப் பஞ்சம் என்றால், எந்தத் தெருவில், யார் வீட்டில், எத்தனை மணிக்கு எழுந்து குடம் வைக்கிறார்கள்? 2019 கோடையில் சென்னைக்குத் தண்ணீர் தரும் ஏரிகள் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். அந்த ரயிலின் படம் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கிறது. ஆனால் அந்தக் கோடையில் லாரி வரும் நேரம் தெரியாமல் எத்தனை பெண்கள் வேலைக்கு லீவு போட்டார்கள் என்பதைத் தெருவுக்குள் போய்க் கேட்டால்தான் தெரியும். குப்பை என்றால், கொடுங்கையூரிலோ பெருங்குடியிலோ கிடங்குக்குப் பக்கத்துத் தெருவில் துணியை எங்கே காயப் போடுகிறார்கள் என்று கேட்கலாம். கல்வி இடைநிற்றல் என்றால், படிப்பாண்டின் நடுவில் வீடு இடிபட்டு இடம் மாறிய பிள்ளை பழைய பள்ளிக்குப் போக எத்தனை பஸ் மாற வேண்டியிருந்தது என்று கேட்கலாம்.

ஒரு இதழுக்கு ஒரு பிரச்சினை போதும். அதை எட்டு பேர் எட்டுப் பக்கத்திலிருந்து பார்க்கட்டும்.

மூன்றாம் படி: போவதற்கு முன் படிப்பது

மறுகுடியமர்வு, அதாவது இருந்த இடத்திலிருந்து எடுத்து வேறு இடத்தில் குடிவைப்பது, என்ற ஒரே பிரச்சினையை எடுத்துக்கொண்டு, எவ்வளவு படிக்க வேண்டும் என்று காட்டுகிறேன்.

குடிசைப் பகுதி மேம்பாட்டுக்கும் அகற்றலுக்குமான தமிழ்நாட்டுச் சட்டம் 1971-ஆம் ஆண்டினுடையது. குடிசை மாற்று வாரியம் 1970-இல் தொடங்கியது. 2021-இல் அதன் பெயரைத் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாற்றினார்கள். ஆரம்ப காலத்தில் குடிசை இருந்த இடத்திலேயோ பக்கத்திலேயோ மாடிக் குடியிருப்புகள் கட்டினார்கள். 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளிலிருந்து நகரத்துக்கு வெளியே பெரிய குடியிருப்புகள் எழுந்தன: கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பிறகு பெரும்பாக்கம். கண்ணகி நகரில் மட்டும் 15,000-க்கும் மேற்பட்ட வீடுகள். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு அடையாறு, கூவம் கரைகளில் இருந்த குடும்பங்கள் பலவற்றைப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பினார்கள். சிந்தாதிரிப்பேட்டையிலிருந்து பெரும்பாக்கம் 20 கிலோமீட்டருக்கும் மேல். வீட்டு வேலைக்கும், மீன் விற்கவும், சுமை தூக்கவும் போகிறவர்களுக்கு வேலை இருப்பது சிந்தாதிரிப்பேட்டைப் பக்கம்.

இன்னொரு விஷயம் சின்னதாகத் தெரியும், ஆனால் கட்டுரையையே மாற்றிவிடும். சென்னை மாநகராட்சி 2011-இல் 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆகவும், 200 வார்டுகளாகவும் விரிந்தபோது கண்ணகி நகரும் செம்மஞ்சேரியும் உள்ளே வந்தன. பெரும்பாக்கம் குடியிருப்பு எழுந்ததோ அந்த எல்லைக்கு வெளியே, ஊராட்சிப் பகுதியில். ஆகவே குப்பை அள்ளவில்லை என்று யாரிடம் கேட்பது என்ற கேள்விக்கு இரண்டு இடத்திலும் இரண்டு பதில். இது தெரியாமல் போனால் தவறான அலுவலகத்தைக் குறை சொல்லி எழுதிவிடுவோம்.

அப்புறம் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005. மாணவர் இதழ்கள் இதை அதிகம் பயன்படுத்துவதில்லை என்பது எனக்கு வருத்தம். பொதுத் தகவல் அலுவலருக்கு ஒரு கடிதம் எழுதி, 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, ஸ்பீட் போஸ்டில் அனுப்பினால் முடிந்தது. 30 நாளில் பதில் தர வேண்டும். வராவிட்டால் முதல் மேல்முறையீடு. பொறுப்பாசிரியர் பெயரில் போடுங்கள், பிள்ளைகளின் வீட்டு முகவரி எங்கும் போக வேண்டாம். கேள்வி கேட்பதிலும் ஒரு பழக்கம் வேண்டும். "ஏன் பஸ் விடவில்லை?" என்று கேட்டால் பதில் வராது, ஏனென்றால் அந்தச் சட்டம் அலுவலகத்தில் இருக்கும் ஆவணத்தைத்தான் தரச் சொல்கிறது. "2023 ஜனவரியிலிருந்து டிசம்பர் வரை இந்தக் குடியிருப்புக்குத் தினமும் இயக்கிய பேருந்து நடைகளின் எண்ணிக்கை, வழித்தட வாரியாக, நகலுடன்" என்று கேளுங்கள். முதல் வாரமே அனுப்பிவிட்டால்தான் எழுதும் வாரத்துக்குள் பதில் கையில் இருக்கும்.

நான்காம் படி: களத்துக்குப் போவது

முதல் முறை போகும்போது நோட்டும் போனும் பைக்குள்ளேயே இருக்கட்டும். டீக்கடையில் டீ குடியுங்கள். கண்ணகி நகரின் சுவர்களில் 2020-இல் வரைந்த பெரிய ஓவியங்களைச் சுற்றிப் பாருங்கள். அங்கிருந்து வந்த கபடி வீராங்கனை ஒருவர் 2025-இல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற இந்திய அணியில் ஆடினார். அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் தெருவே வந்து நின்று பேசும். கஷ்டத்தை மட்டும் கேட்க வந்தவர்கள் என்று மக்களுக்குத் தோன்றிவிட்டால், கஷ்டத்தை மட்டும்தான் சொல்வார்கள்.

உள்ளூரில் வேலை செய்யும் யாராவது ஒருவர் மூலமாகப் போவது நல்லது: அங்கன்வாடி ஊழியர், மாலை வகுப்பு நடத்துபவர், குடியிருப்போர் சங்கத்தைச் சேர்ந்தவர். எப்போதும் இரண்டிரண்டு பேராகப் போங்கள், ஒரு பெரியவர் கூப்பிடு தூரத்தில் இருக்கட்டும். பொழுது சாய்வதற்குள் கிளம்பிவிட வேண்டும். யூனிஃபார்மில் போகாதீர்கள். பத்துப் பேர் ஒரே நிறத்தில் நடந்து வந்தால் அது ஆய்வுக் குழு மாதிரி இருக்கும், மக்கள் உடனே ரேஷன் கார்டை எடுத்துக்கொண்டு வருவார்கள். அப்படி யாராவது கார்டோடு வந்தால், "நாங்க கவர்மெண்ட் ஆளுங்க இல்லம்மா, படிக்கிற பசங்க, எங்களால எதையும் வாங்கித் தர முடியாது" என்று அப்போதே சொல்லிவிட வேண்டும். "பார்க்கிறோம்" என்று மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். அந்த ஒரு வார்த்தையை நம்பி அவர் மாதக்கணக்கில் காத்திருப்பார்.

கேள்வி கேட்பதைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும். "இங்க வாழ்றது கஷ்டமா இருக்கா?" என்ற கேள்விக்கு "கஷ்டந்தான்" என்ற பதில்தான் வரும். எங்கள் குழுவில் ஒரு பத்தாம் வகுப்பு மாணவி, கூவம் கரையிலிருந்து பெரும்பாக்கத்துக்கு வந்த ஒரு பாட்டியிடம் இப்படிக் கேட்டாள்: "பாட்டி, இங்க வந்த அன்னிக்கு என்ன சமைச்சீங்க?" பாட்டி கொஞ்ச நேரம் அவளையே பார்த்தார். "சமையலா? அடுப்பு எந்த மூட்டையில இருந்துச்சுன்னே தெரியல. பொட்டலம் குடுத்தாங்க. எட்டு பேருக்கு நாலு பொட்டலம்." அதற்குப் பிறகு அரை மணி நேரம் நாங்கள் ஒன்றும் கேட்கவில்லை, அவரே பேசினார். ஒரு நாளைப் பற்றி, ஒரு பொருளைப் பற்றி, ஒரு வேளையைப் பற்றிக் கேளுங்கள். காலையில் முதலில் எழுந்திருப்பவர் யார்? பழைய வீட்டிலிருந்து எதை எடுத்துவர முடியவில்லை? லிஃப்ட் வேலை செய்யாத நாளில் சிலிண்டரை எட்டாவது மாடிக்கு யார் தூக்குகிறார்கள்?

யாராவது அழுதால் கேள்வியை நிறுத்திவிடுங்கள். அழுகையைப் படம் எடுக்காதீர்கள். தண்ணீர் கொடுங்கள், சும்மா உட்காருங்கள். திரும்பி வரும் பஸ்ஸில் பிள்ளைகள் அமைதியாக இருப்பார்கள். மறுநாள் கூடும்போது எழுத்து வேலையைத் தொடங்கும் முன், என்ன பார்த்தோம், மனசுக்கு எப்படி இருந்தது என்று ஒரு மணி நேரம் பேசவிடுங்கள். அதைத் தாங்க முடியாத பிள்ளைக்கு வேறு வேலை கொடுங்கள், அதற்கு அந்தப் பிள்ளை வெட்கப்படாதபடி கொடுங்கள்.

பள்ளி மாணவர்களை அனுப்பவே கூடாத இடங்களும் உண்டு. கழிவுநீர்த் தொட்டியில் இறந்தவரின் வீடு அதில் ஒன்று. அந்தப் பிரச்சினையை ஆவணங்களிலிருந்து எழுதலாம், எழுதவும் வேண்டும். மனிதக் கழிவை மனிதர் அகற்றுவதைத் தடை செய்யும் சட்டம் 2013-இல் வந்தது. சாக்கடை மரணத்துக்கு 10 லட்சம் ரூபாய் தரச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2014-இல் தீர்ப்பளித்தது. 2023-இல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. உங்கள் மாவட்டத்தில் எத்தனை குடும்பங்களுக்கு அந்தத் தொகை போய்ச் சேர்ந்தது என்று தகவல் உரிமை மனு போடுங்கள். அந்த ஒரு பதில், துக்க வீட்டில் போய் நிற்பதைவிட அதிகம் சொல்லும். கஞ்சா விற்பனையைத் துப்பறிவதும் பிள்ளைகளின் வேலை இல்லை. அதில் பிள்ளைகளுக்கு ஆபத்து இருக்கிறது. போதையிலிருந்து மீண்டவர்களோடும், ஆலோசகர்களோடும் பேசி எழுதலாம்.

ஐந்தாம் படி: ஒப்புதலும் அடையாளம் மறைப்பதும்

எங்கள் தவறு இங்கேதான் நடந்தது. முதல் இதழில் பள்ளியை நிறுத்திய ஒரு பெண்ணின் கதையைப் போட்டோம். பெயரை மாற்றினோம். முகம் தெரியாமல் முதுகுப் பக்கமாகப் படம் எடுத்தோம். எல்லாம் சரியாகச் செய்துவிட்டோம் என்றுதான் நினைத்தோம். ஆனால் அவள் நின்றிருந்த இடத்துக்குப் பின்னால் சுவரில் பிளாக் எண் பெயின்ட்டில் எழுதியிருந்தது. கதவில் ஒட்டியிருந்த கட்சிக் காலண்டரும் படத்தில் தெரிந்தது. இதழ் போய்ச் சேர்ந்த அன்று சாயங்காலமே அந்த பிளாக்கில் எல்லாருக்கும் யார் என்று தெரிந்துவிட்டது. மறுநாள் அவளுடைய அம்மா இதழைக் கையில் வைத்துக்கொண்டு எங்களைத் தேடி வந்தார். கத்தவில்லை. "பேரை மாத்துறேன்னு சொன்னீங்களே" என்று மட்டும் கேட்டார். எங்களிடம் பதில் இல்லை. மீதிப் பிரதிகளைத் திரும்ப வாங்கி அந்தத் தாளைக் கிழித்தோம். ஏற்கெனவே போய்விட்டதை என்ன செய்ய முடியும்?

அதற்குப் பிறகு நாங்கள் செய்வது இது. ஒப்புதலை மூன்று முறை கேட்கிறோம். பேசத் தொடங்கும் முன் ஒரு முறை, பேசி முடித்ததும் ஒரு முறை ("இதுல எதாவது வேணாம்னு தோணுதாக்கா?"), அச்சுக்குப் போகும் முன் பக்கத்தை வாசித்துக் காட்டி ஒரு முறை. மூன்றாவது முறை வேண்டாம் என்றால் எடுத்துவிடுகிறோம், எவ்வளவு நல்ல கட்டுரையாக இருந்தாலும். சிறுவர் என்றால் அவரிடமும் கேட்க வேண்டும், பெற்றோரிடமும் கேட்க வேண்டும். இருவரில் ஒருவர் தயங்கினாலும் எடுத்துவிடுகிறோம்.

பெயரை மறைப்பதோடு வேலை முடிவதில்லை. பிளாக் எண், பள்ளிச் சீருடை, வண்டி எண், கடைப் பெயர், காலண்டர், கையில் குத்திய பச்சை, "மூன்று பெண் பிள்ளைகளில் நடுப்பெண்" என்பது மாதிரியான குடும்ப விவரம், எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். அதே தெருவில் இருக்கும் ஒருவர் படித்தால் கண்டுபிடிப்பாரா என்பதுதான் சோதனை. அந்தச் சோதனையைக் குழுவில் வேறு ஒருவர் செய்ய வேண்டும், எழுதியவரின் கண்ணுக்கு அது படாது.

சட்டமும் தெரிந்திருக்க வேண்டும். காவல்துறை, நீதிமன்றம், குழந்தைகள் நலக் குழு என்று எந்த நடவடிக்கையிலும் சம்பந்தப்பட்ட சிறுவரின் பெயர், முகவரி, பள்ளி, அடையாளம் காட்டும் எந்த விவரத்தையும் வெளியிட இளைஞர் நீதிச் சட்டம் 2015-இன் 74-ஆம் பிரிவு தடை செய்கிறது. பாலியல் குற்றத்துக்கு ஆளான பிள்ளைகள் விஷயத்தில் போக்சோ சட்டத்தின் 23-ஆம் பிரிவும் அதையே சொல்கிறது. பேசும்போது ஒரு பிள்ளை ஆபத்தில் இருப்பது தெரியவந்தால், அதைக் கட்டுரையாகப் பார்க்காதீர்கள். மாணவர் ஆசிரியரிடம் சொல்ல வேண்டும், ஆசிரியர் குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழைக்க வேண்டும். மனநலம், தற்கொலை பற்றி எழுதினால் எப்படி நடந்தது என்ற விவரமே வேண்டாம். பக்கத்தின் அடியில் டெலிமானஸ் உதவி எண் 14416-ஐப் போடுங்கள்.

நேர்காணல் ஒலிப்பதிவு ஒரே ஒரு போனில், ஆசிரியரிடம் இருக்கட்டும். வாட்ஸ்அப் குரூப்பில் போடவே கூடாது. இதழ் வந்த பிறகு அழித்துவிடுங்கள்.

ஆறாம் படி: எழுதுவது

முதல் வரைவில் பிள்ளைகள் எல்லாரும் செய்தித்தாள் மாதிரி எழுதுவார்கள். "கூவம் கரையோரக் குடும்பங்கள் பெரும்பாக்கத்தில் மறுகுடியமர்த்தப்பட்டன." அந்தப் பாட்டி எங்களிடம் சொன்னது: "லாரில ஏத்தி இட்டாந்து உட்டுட்டாங்க." இரண்டையும் பலகையில் எழுதிப் போட்டேன். முதல் வாக்கியத்தில் யாரும் எதையும் செய்யவில்லை. அது தானாக நடந்த மாதிரி இருக்கிறது. இரண்டாவதில் ஒரு லாரி இருக்கிறது, ஏற்றியவர்கள் இருக்கிறார்கள், விட்டுவிட்டுப் போனதும் இருக்கிறது. "படுதல்" வினை வரும் இடத்தில் எல்லாம் பென்சிலால் கோடு போட்டு, செய்தவர் யார் என்று பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். தெரியவில்லை என்றால் தெரிந்துகொண்டு வந்து எழுத வேண்டும்.

ஒரு மாணவன் பாட்டியின் வாக்கியத்தை "லாரியில் ஏற்றி அழைத்து வந்து விட்டுவிட்டார்கள்" என்று திருத்தியிருந்தான். மரியாதைக்காகத்தான் செய்தான். ஆனால் அதில் பாட்டியின் குரல் போய்விட்டது. மேற்கோளுக்குள் வருவதைப் பேசியபடியே விடுங்கள். அதே சமயம், சென்னைத் தமிழை வேடிக்கை காட்டுவதற்காகக் கூட்டிப் போடுவதும் கூடாது. சொன்னதை மட்டும் எழுதுங்கள்.

அடுத்தது மரியாதை விகுதி. ஒரு வரைவில் அதிகாரி "தெரிவித்தார்", தூய்மைப் பணியாளர் "சொன்னான்". எழுதிய பிள்ளைக்கு அது கெட்ட எண்ணம் இல்லை, பழக்கம். பெரியவர்கள் அத்தனை பேருக்கும் ஒரே "ஆர்" விகுதி என்பதை இதழின் விதியாக்குங்கள். குற்றம் சாட்டப்பட்டவருக்கும் அதேதான்.

சொற்களுக்கு ஒரு தாள் ஒட்டி வையுங்கள். "ஆக்கிரமிப்பாளர்கள்" என்பது ஒரு தரப்பின் சொல். "கரையோரம் முப்பது ஆண்டுகளாகக் குடியிருந்தவர்கள்" என்று விவரத்தை எழுதுங்கள், ஆண்டை உறுதி செய்துகொண்டு. "துப்புரவுப் பணியாளர்" வேண்டாம், தூய்மைப் பணியாளர். "சேரி" என்ற சொல்லை அங்கே வாழ்கிறவர் தன் வாயால் சொன்னால் மேற்கோளில் வரட்டும், நம் வாக்கியத்தில் வேண்டாம். "பாவம்" என்ற சொல் ஒரு கட்டுரையில் வந்தாலும் எடுத்துவிடுவேன். அது வந்தால் படிப்பவர் ஐயோ என்று சொல்லிவிட்டுப் பக்கத்தைப் புரட்டிவிடுவார். "நாம்" என்ற சொல்லையும் கவனியுங்கள். "நாம் அவர்களுக்கு உதவ வேண்டும்" என்று எழுதினால், அந்த "நாம்" உள்ளே கண்ணகி நகர்ப் பிள்ளை எங்கே இருக்கிறது?

கட்டுரை மட்டும் போட்டு நிரப்பாதீர்கள். ஒரு பஸ்ஸின் நாள் குறிப்பு, ஒரு மாதச் செலவுக் கணக்கு (வாடகை, தண்ணீர் கேன், பஸ், மருந்து என்று ரூபாயில்), பிள்ளைகள் கையால் வரைந்த தெரு வரைபடம், தகவல் உரிமை மனுவும் அதற்கு வந்த பதிலும் அப்படியே ஒரு பக்கம். எங்கள் இரண்டாம் இதழில் எல்லாரும் முதலில் திருப்பிப் பார்த்தது அந்த மாதச் செலவுக் கணக்கைத்தான். படத்துக்கு முகம் தேவையில்லை. வரிசையில் நிற்கும் குடங்கள், கைப்பிடிக் கம்பியில் பூட்டிய சைக்கிள், எட்டாவது மாடிப் படிக்கட்டின் தேய்ந்த விளிம்பு போதும்.

ஏழாம் படி: சரிபார்ப்பதும் வாசித்துக் காட்டுவதும்

ஒவ்வொரு எண்ணுக்கும், ஒவ்வொரு தேதிக்கும் பக்கத்தில் அது எங்கிருந்து வந்தது என்று எழுதிய ஒரு பிரதி அலுவலகக் கோப்பில் இருக்க வேண்டும். எழுதாத ஒருவர் அதைச் சரிபார்க்க வேண்டும். குறை சொல்லப்பட்ட அலுவலகத்துக்கு எழுத்தில் கேள்வி அனுப்பி ஒரு வாரம் கொடுங்கள். பதில் வந்தால் வெட்டாமல் போடுங்கள். வராவிட்டால் எந்தத் தேதியில் கேட்டோம் என்பதைப் போடுங்கள். யாரையும் பெயர் சொல்லித் திருடன், லஞ்சம் வாங்குபவர் என்று எழுதாதீர்கள். அவதூறு வழக்கு மாணவர் என்று பார்க்காது.

பிறகு அச்சுப் பக்கத்தின் நகலோடு திரும்பப் போங்கள். படிக்கத் தெரியாதவருக்கும் தெரிந்தவருக்கும் ஒரே மாதிரி, உரக்க வாசியுங்கள். வாசிக்கும்போது எந்த வரியில் உங்கள் குரல் இறங்குகிறதோ அந்த வரியில் ஏதோ தவறு இருக்கிறது, குறித்துக்கொள்ளுங்கள். பொட்டலம் பற்றிச் சொன்ன பாட்டி கேட்டுவிட்டு ஒரே ஒரு திருத்தம் சொன்னார்: "நாலு இல்ல கண்ணு, அஞ்சு. ஒண்ணு பக்கத்து வூட்டுக்காரி குடுத்தா. அதையும் எழுது."

எட்டாம் படி: வடிவமைப்பும் அச்சும்

ஏ4 அல்லது அதில் பாதியான ஏ5. முதல் இதழுக்கு ஏ5-இல் 32 பக்கம் நல்ல அளவு. நடுவில் பின் அடிக்கும் இதழ் என்றால் பக்கங்கள் நான்கால் வகுபட வேண்டும். ஆஃப்செட்டில் (பிளேட் வைத்து அச்சடிக்கும் முறை) 8 அல்லது 16-இன் மடங்காக வைத்தால் தாள் வீணாகாது. உள்ளே 70 ஜிஎஸ்எம் (தாளின் கனத்தைச் சொல்லும் அளவு) மேப்லித்தோ தாள், அட்டைக்கு 200-க்கு மேல் ஆர்ட் பேப்பர். சில நூறு பிரதிகள் வரை டிஜிட்டல் அச்சு கட்டுப்படியாகும். அதற்கு மேல் போனால் ஆஃப்செட்; பிளேட் செலவு பிரதிகளுக்குப் பங்கு பிரிந்து, கூடக்கூட ஒரு பிரதியின் விலை குறையும். ராயப்பேட்டை, திருவல்லிக்கேணி பக்கம் மூன்று அச்சகங்களிலாவது விலை கேளுங்கள். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

தமிழ் வடிவமைப்பில் எல்லாரும் இடறும் இடம் எழுத்துரு. யூனிகோடில் தட்டச்சு செய்யுங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் வந்த கட்டுரையை மாற்றினால் ஒவ்வொரு வரியையும் திரும்பப் படியுங்கள். இன்டிசைன் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் யூனிகோடு தமிழைப் போட்டதும் கொம்பு இடம் மாறி, எழுத்துக்குப் பின்னால் போய் உட்காரும். எழுத்துருவில் கோளாறு இல்லை. பத்தி அமைப்பில் வேர்ல்டு ரெடி கம்போசர் என்பதைத் தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும். காசு இல்லையென்றால் அதே வேலைக்கு ஸ்கிரைபஸ் என்ற மென்பொருள் இலவசம், அதன் புதிய பதிப்புகளில் தமிழ் ஒழுங்காக வரும். நோட்டோ செரிஃப் தமிழ், முக்தா மலர் இரண்டும் இலவச எழுத்துருக்கள், படிக்கவும் நன்றாக இருக்கும். அளவு பத்தரை, வரி இடைவெளி பதினைந்து. ஏ4-இல் மூன்று பத்தியாகப் பிரிக்காதீர்கள். தமிழ்ச் சொற்கள் நீளம், ஒடுக்கமான பத்தியில் சொற்களுக்கு நடுவே பெரிய ஓட்டைகள் விழும். படங்கள் 300 டிபிஐ (படத்தின் தெளிவு அளவு), ஓரத்தில் தாளை வெட்டும்போது போவதற்கு 3 மில்லிமீட்டர் இடம், எழுத்துருவை உள்ளே பதித்த பிடிஎஃப். வாட்ஸ்அப்பில் வந்த படம் அச்சில் மங்கிவிடும், மூலப் படத்தைக் கேட்டு வாங்குங்கள். ஒரு பிரதி அச்சடித்துக் கையில் பார்க்காமல் முழு அச்சுக்குச் சம்மதம் சொல்லாதீர்கள்.

வருடத்துக்கு ஒன்று என்று கல்லூரிக்குள் சுற்றும் இதழ் ஒரு வகை. தொடர்ந்து, பொதுமக்களுக்கு விற்கும் இதழாக மாற்ற நினைத்தால் 2023-ஆம் ஆண்டின் பத்திரிகைகள் பதிவுச் சட்டத்தைப் பார்த்துப் பதிவு செய்ய வேண்டும். அதற்கு முன் சட்டம் தெரிந்த ஒருவரிடம் கேளுங்கள். பணத்துக்கு முன்னாள் மாணவர்களிடம் கையேந்தலாம். நீங்கள் எழுதும் பிரச்சினையில் சம்பந்தப்பட்ட யாரிடமும் விளம்பரம் வாங்காதீர்கள்.

ஒன்பதாம் படி: கொண்டுபோய்ச் சேர்ப்பது

வெளியீட்டு விழாவைக் கல்லூரி அரங்கத்தில் மட்டும் வைத்துவிடாதீர்கள். முதல் கட்டுப் பிரதிகள் எந்தத் தெருவிலிருந்து கதை வந்ததோ அந்தத் தெருவுக்குப் போகட்டும், விலையில்லாமல். பேசிய ஒவ்வொருவருக்கும் இரண்டு பிரதி, ஒன்று வீட்டுக்கு, ஒன்று அவர் யாருக்காவது கொடுக்க. அடுத்தது வார்டு கவுன்சிலர், மண்டல அலுவலகம், பக்கத்து நூலகம், உள்ளூர் நிருபர்கள். இதழோடு ஒரு பக்கக் கடிதம் வையுங்கள், எந்தப் பக்கத்தில் எந்தக் கோரிக்கை இருக்கிறது என்று எண்ணிட்டு. தெருவிளக்கு, குப்பை போன்றவற்றுக்கு மாநகராட்சியின் 1913-இல் புகார் பதிந்து, அந்தப் புகார் எண்ணை அடுத்த இதழில் போடுங்கள். கடைசிப் பக்கத்தில் திருத்தங்களுக்கு இடம் ஒதுக்குங்கள். தவறு வந்தால் அடுத்த இதழில் அதே அளவு எழுத்தில் வர வேண்டும்.

மூன்று மாதம் கழித்து ஒரு முறை திரும்பப் போங்கள். பஸ் வந்ததா, லிஃப்ட் ஓடுகிறதா, இதழால் யாருக்காவது தொல்லை வந்ததா என்று கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் போங்கள், அன்றைக்குத்தான் எல்லாரும் வீட்டில் இருப்பார்கள்.